பீடை தொலைக்கும் தட்டு

நவம்பர் மாதத்து மூன்றாவது வியாழக்கிழமைதான் எனக்குப் பண்டிகை. இருபத்திரண்டு வருடமாக ஃபுமியே, கினுகோ, நான் மூன்று பேரும் அன்றைக்கு இவாதோ மலைக் கோயிலுக்குப் போகிறோம். புருஷன்மார்கள் கிடையாது. அதுதான் சட்டம். மேப்பிள் இலை பார்க்கப் போகிறோம் என்பது சும்மா பேருக்கு. வருடம் முழுக்க வாய்க்குள் அடக்கி வைத்ததையெல்லாம் நானூற்றுப் பன்னிரண்டு படியிலும் கொட்டிக்கொண்டே ஏறுவோம். உச்சிக்குப் போய்ச் சேரும்போது மனசு லேசாகிவிடும்.

இந்த வருடம் என் வீட்டுக்காரரும் கூடவே கிளம்பிவிட்டார்.

டோகுஜி முப்பத்தெட்டு வருடம் ரயில் ஓட்டியவர். மார்ச்சில் ஓய்வு பெற்றார். அன்றிலிருந்து நான் காய்கறி வாங்கப் போனால் பின்னால், துணி உலர்த்தப் போனால் பின்னால், முடி வெட்டிக்கொள்ளப் போனால் அங்கேயும் வந்து உட்கார்ந்துவிடுகிறார். எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட புருஷனுக்கு ஈரச்சருகு என்று பேர். காலில் ஒட்டினால் உதறினாலும் போகாது. எட்டு மாதத்தில் நான் தனியாக இருந்தது கழிவறையில் மட்டும்தான். அங்கேயும் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "யசுயோ, டீ போடட்டா?" என்பார். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, அதிர்ந்து ஒரு வார்த்தை கிடையாது. சண்டை போடக்கூட வழியில்லாத மனுஷரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரயில்காரர்கள் எதையும் சும்மா பார்க்க மாட்டார்கள். விரலை நீட்டிக் காட்டி, உரக்கச் சொல்லி, 'சரி!' என்று முடிக்க வேண்டும். அப்படிச் செய்தால் தவறு நடக்காதாம். சிக்னலுக்குச் செய்ததை இப்போது எங்கள் வீட்டுக்குச் செய்கிறார். "கேஸ் அணைச்சாச்சு, சரி!" "ஜன்னல் மூடியாச்சு, சரி!" அன்று காலை என் தலையை நோக்கி விரலை நீட்டி, "தொப்பி, சரி!" என்றார்.

பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பார்த்ததும் ஃபுமியே என் காதைக் கடித்தாள்.

"ஏண்டி, இலை பார்க்கப் போற இடத்துக்கு வீட்லருந்தே ஒரு சருகக் கொண்டு வந்துட்டியா?"

"வாய மூடுடி. விட்டுட்டு வர்றதுக்கு அவரு விட்டாத்தானே!"

படியேற்றம் நாசமாய்ப் போனது. நூறாவது படியில் கினுகோ வழக்கம்போலத் தன் மாமியார் பேச்சை எடுத்தாள். உடனே டோகுஜி திரும்பி, "அம்மா எப்படி இருக்காங்க? நல்லா சாப்பிடறாங்களா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

"நல்லா... சாப்பிடறாங்க," என்றாள் கினுகோ. பிறகு என் பக்கம் சாய்ந்து, "இவ்வளவு அன்பா விசாரிச்சா மனுஷி எப்படிடி திட்டறது?" என்று பல்லைக் கடித்தாள்.

மேலே போய்ச் சேர்ந்தபோது மலை முழுக்கச் சிவப்பாகத் தகதகத்தது. என் கண் அதில் நிற்கவில்லை. சாமி கும்பிட்ட கையோடு நேராகத் தட்டு விற்கிற இடத்துக்குப் போனேன்.

இந்தக் கோயிலில் அதுதான் விசேஷம். உள்ளங்கை அகல மண் தட்டு ஒன்று கொடுப்பார்கள். நம்மைப் பிடித்த பீடை எதுவோ அதை அதில் எழுதி, பாறை விளிம்பில் நின்று பள்ளத்தாக்கில் எறிய வேண்டும். தட்டு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் பீடையும் போய்விடும். டோகுஜி எல்லோருக்கும் சூடாகக் குடிக்க ஏதாவது வாங்கி வருகிறேன் என்று போன நேரம் பார்த்து நான் பேனாவை எடுத்தேன்.

'கணவர்' என்று எழுதினேன். எழுதியதும் பேனாவை நிறுத்தினேன். சாமியிடம் அரைகுறையாகச் சொல்லி, ஆளையே ஒரேயடியாகக் கொண்டுபோய்விட்டால்? எனக்கு அவர் வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வேண்டும், பூகம்பம் வந்தால் வேண்டும். பகலில் மட்டும்தான் வேண்டாம். அதனால் கீழே பொடி எழுத்தில், சாமிக்குக் குழப்பம் வராதபடி விவரமாக எழுதி முடித்தேன்.

விளிம்பில் போய் நின்றால் தோள்பட்டை மக்கர் செய்தது. இரண்டு மாதமாகவே கையைத் தோளுக்கு மேல் தூக்க முடிவதில்லை. திரும்பி வந்த டோகுஜியைப் பார்த்ததும் ஃபுமியேவுக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது.

"டோகுஜிசான்! நீங்க ரயில்வே டீம்ல பேஸ்பால் வீசினவர்தானே? எங்க தட்டையும் நீங்களே வீசுங்களேன். போன வருஷம் நான் வீசினது பின்னாடி நின்ன ஆள் மேல விழுந்துது."

நான் வாயைத் திறப்பதற்குள் என் கையிலிருந்ததையும் பிடுங்கி, மூன்று தட்டையும் அவரிடம் நீட்டிவிட்டாள். அவருக்கு ஒரே சந்தோஷம். எட்டு மாதத்தில் முதல் தடவையாக யாரோ அவரிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். முதல் தட்டைத் தூக்கிப் பிடித்து, அதை நோக்கி விரலை நீட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மூல நோய்! சரி!"

ரயில் நிலையமே கேட்கிற குரல். பின்னால் வரிசையில் ஐம்பது பேராவது இருந்தார்கள். ஃபுமியேவின் முகம் பக்கத்து மரத்தோடு போட்டி போட்டுக்கொண்டு சிவந்தது. தட்டு பறந்து போனது.

"மாமியார்! வயது தொண்ணூற்று நாலு! சரி!"

"அடப் பாவி மனுஷா," என்று கினுகோ தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டாள். அடுத்தது என்னுடையது.

"குடுங்க இங்க! நானே எறியறேன்!" என்று பாய்ந்தேன்.

"தோள் வலியோட எதுக்கு? நான் இருக்கேன்ல," என்று கையை இன்னும் மேலே தூக்கிக்கொண்டார். நான் அவர் முழங்கையில் தொங்கிக்கொண்டு குதித்தேன். பிரயோஜனமில்லை. விரல் நீண்டது.

"கணவர்! திங்கள் முதல் வெள்ளி வரை! காலை ஒன்பது மணி முதல்... மாலை ஐந்து மணி வரை!"

முப்பத்தெட்டு வருடப் பழக்கம், கடைசியில் "சரி" என்றும் சொல்லிவிட்டார். அது மட்டும் மெதுவாக வந்தது.

பிறகு காலைப் பின்னால் வைத்து, முழுப் பலத்தோடு எறிந்தார். மரங்களைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, எதிர் மலை வரைக்கும் போய்விட்டது. கூட்டம் கைதட்டியது. பின்னால் நின்ற ஒரு பெண்மணி என் தோளைத் தட்டி, "ஏம்மா, சனி ஞாயிறை ஏன் விட்டுட்ட?" என்று கேட்டாள். அந்தப் பாறையிலிருந்து நானே குதித்துவிடலாமா என்று இருந்தது.

இறங்கும்போது தோழிகள் இருவரும் நாசூக்காக முன்னால் போய்விட்டார்கள். இருநூறு படி இறங்கினோம்.

"மத்தியானம் சாப்பாட்டுக்கு வரலாமா?" என்று கேட்டார் கடைசியில். கோபமே இல்லை. கால அட்டவணையில் சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"வாங்க."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம் இருந்துட்டுப் போங்க."

"மழை பெஞ்சா?"

"மழையில புருஷன வெளிய தள்றவளா நான்? மழைன்னா வீட்லயே இருங்க."

தலையாட்டிக்கொண்டார். இன்னும் பத்துப் படி இறங்கினோம்.

"ஒன்பதுலருந்து அஞ்சு வரைக்கும் நான் எங்க போறது, யசுயோ?"

சாமிக்கு எழுதும்போது நேரத்தைத்தான் யோசித்தேன். இடத்தை யோசிக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எட்டு ஐம்பதுக்கே அவர் ஷூ போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். தோளில் பை. தானே பிடித்த சோற்று உருண்டை ஒன்று, கோணல்மாணலாக, உள்ளே இருக்கிற புளிப்புப் பிளம் வெளியே எட்டிப் பார்த்தபடி. மத்தியானம் வந்து என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். ஒன்பது அடிக்கக் காத்துக்கொண்டிருந்தார்.

"மழை வர்ற மாதிரி இருக்கு," என்றேன்.

அவர் கதவைத் திறந்து ரொம்ப நேரம் வானத்தைப் பார்த்தார். நீலமோ நீலம். ஒரு துண்டு மேகம்கூட இல்லை. என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, படியில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"இன்னிக்கு மட்டும்தான்! திங்கக்கிழமை கண்டிப்பா கிளம்பணும்!" என்று அடுப்படியிலிருந்து கத்தினேன்.