பேச்சிராஜாவின் வலது கை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். திரேஸ்புரத்தில் என் பிசியோதெரபி நிலையத்துக்கு வருகிறவர்கள் வலியைவிட என் வாய்க்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். "ஈவாஞ்சலின் அக்கா திட்டியே குணப்படுத்திரும்" என்று தெருவில் பேச்சு.

பேச்சிராஜா வந்த முதல் நாள், "இந்தக் கை சரியானா என்னலே செய்யணும் ஒனக்கு?" என்று கேட்டேன். எல்லோரிடமும் கேட்பதுதான். விரல் எவ்வளவு மடங்குகிறது என்று அளந்து பார்த்து அனுப்பிவிடுகிற ஆள் நான் இல்லை. ஐ.சி.எஃப். என்று ஒரு முறை இருக்கிறது. உடம்பில் என்ன கோளாறு, அதனால் எந்த வேலை முடியவில்லை, வீட்டிலும் வெளியிலும் எது தடை, யார் துணை என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து வைத்தியம் செய்யச் சொல்லும் முறை. நான் அதைத்தான் நம்புகிறேன்.

"எம் மச்சினனை வெட்டணும்க்கா" என்றான்.

"வாயைக் கழுவுலே" என்று சத்தம் போட்டேன். பக்கத்தில் நின்ற அவன் மனைவி சந்தனச்செல்வி தலையை நிமிர்த்தவே இல்லை.

அவன் துறைமுகத்தில் கண்டெய்னர்களைச் சங்கிலி போட்டு இறுக்கும் வேலை பார்த்தவன். கோயில் கொடைத் திருவிழாவன்று குடித்துவிட்டு, ஊரே பார்க்கச் செல்வியின் முடியைப் பிடித்து இழுத்து அடித்திருக்கிறான். அவள் தம்பி சிவபாலன் ஓடிவந்து, அடித்த கையிலேயே அரிவாளால் ஒரு போடு போட்டான். மணிக்கட்டில் எலும்பு தெரிந்ததாம். விரலை மடக்கும் தசைநாண்கள் அத்தனையும் அறுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் தைத்து என்னிடம் அனுப்பினார்கள். சிவபாலன் ஜெயிலுக்குப் போய், ஜாமீனில் வந்து, இங்கே ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான்.

மறுநாளே பேச்சிராஜா பேச்சை மாற்றிக்கொண்டான். "கோவத்துல சொல்லிட்டேன்க்கா. பழையபடி சங்கிலி முறுக்குனாப் போதும்." நானும் சரியென்று விட்டேன். வீட்டில் அவனுக்கு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, இடுப்பில் சாரம் கட்டிவிடுவது எல்லாம் செல்விதான். அவளுக்கே பயிற்சியையும் சொல்லிக் கொடுத்தேன்.

"ஏளா, நீதான் இவனுக்குத் துணை. மெதுவா மடக்கிவிடு. மூணு மாசம் முடியுத மட்டும் விரலைப் பின்பக்கமா வளைச்சிராத. உள்ள போட்ட தையல் அந்துரும்."

தலையாட்டினாள். அவள் கன்னம் வீங்கியிருந்தது. "படியில விழுந்துட்டா" என்று அவன் பதில் சொன்னான். அவனைப் பிடித்துக் கிழி கிழியென்று கிழித்தேன். சிரித்துக்கொண்டே கேட்டான்.

ஒரு நாள் அவள் தனியாக வந்தாள்.

"அக்கா, அந்தக் கை சரியாவ வேண்டாம். சரியானா அவிய எந் தம்பியக் கொன்னுருவாவ. தெனமும் அதைச் சொல்லிச் சொல்லித்தான் விரல மடக்குதாவ."

"கையைச் சரியாக்குததுதான் எம் பொழப்பு. கெடுக்குதது இல்ல. போலீசுல போய்ச் சொல்லு."

"சொன்னேன். ஏதாவது நடந்த பொறவு வாங்கன்னு சொல்லுதாவ." வாசல் வரை போய்த் திரும்பினாள். "அவியளுக்கு நான் துணைன்னு சொன்னியளே, எனக்கு யாருக்கா துணை?"

எனக்குக் கோபம்தான் வந்தது. நேரமாகிறது, போ என்று அனுப்பிவிட்டேன். அன்று முழுக்க வந்தவர்களையெல்லாம் காரணமில்லாமல் திட்டினேன்.

பிடி கொஞ்சம் வந்ததும், அவரவர் வேலைச் சாமானைக் கொண்டுவரச் சொல்வது என் வழக்கம். ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே இருந்தால் பிழைப்பு நடக்குமா? வலை முடைகிறவர் ஊசி கொண்டுவருவார், சமையல்காரம்மா கரண்டி கொண்டுவருவாள். செல்வியோடு வந்த பேச்சிராஜா மஞ்சள் பையில் எதையோ கொண்டுவந்திருந்தான். சங்கிலி முறுக்கும் கம்பி என்று நினைத்தேன். பேப்பரைப் பிரித்தான். அரிவாள்.

விரல்கள் ஒவ்வொன்றாகப் பிடியைச் சுற்றி மூடின. முகமெல்லாம் சந்தோஷம்.

"எதைப் பிடிக்கணுமோ அதைக் கொண்டான்னு நீங்கதானக்கா சொன்னிய."

"கீழ போடுலே" என்றேன்.

"ஐஸ் கம்பெனி வரைக்கும் போய்ட்டு வாரேன்."

செல்வி வாசலை மறித்தாள். வயிற்றில் ஓர் உதை விட்டான். விழுந்தவள் எழுந்து மறுபடியும் மறித்தாள். அரிவாளை ஓங்கினான். நான் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தேன். முழங்கையால் என் வாயில் இடித்தான். உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். வெட்டு கழுத்துக்குப் போகாமல் செல்வியின் தோளில் விழுந்தது. அவள் கத்தவில்லை. அவன் கையைச் சுவரோடு சேர்த்து அமுக்கினாள். நான் சொன்ன மூன்று மாதம் இன்னும் முடியவில்லை; பிடி முழுசாகப் பலப்பட்டிருக்கவில்லை. நான்கு விரல்களையும் பிரித்துப் பிடித்து, தன் பாரம் முழுவதையும் கொடுத்துப் பின்பக்கமாக வளைத்தாள்.

ஈரத்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அரிவாள் விழுந்தது. அவன் தரையில் புரண்டு அலறினான். நான் மாதக்கணக்கில் உட்கார்ந்து மீட்டெடுத்த கை. ஆனால் வருத்தமாக இல்லை.

"ஏளா, எனக்கு இன்னொரு கை இருக்கு" என்று பல்லைக் கடித்தான். "அவனையும் வெட்டுவேன், ஒன்னையும் வெட்டுவேன்."

செல்வி குனிந்து அரிவாளை எடுத்தாள். தோளிலிருந்து ரத்தம் முழங்கை வரை இறங்கியிருந்தது.

"எனக்கு ரெண்டு கை இருக்கு" என்றாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு பின்பக்கமாகவே நகர்ந்து, என் மேசைக் காலை ஒட்டி ஒடுங்கினான். அவள் அசையாமல் நின்றாள். நான் அருகில் போய்க் கையை நீட்டினேன். அரிவாளை என்னிடம் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, உசுரு போவுது. கையைப் பாருங்கக்கா" என்று அவன் அழுதான்.

"ஒன்னப் பொறவு பாக்கேன்லே" என்றேன். பஞ்சை எடுத்துச் செல்வியின் தோளில் வைத்து அழுத்தினேன்.