வெளிச்சம் பார்க்க ஒரு கன்னம்

காலையில் போட்டோ கடை ஷட்டரைத் தூக்கியதும் எங்கள் கேமராக்காரர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, "வாம்மா, உட்கார்."

நான் போய் ஸ்டூலில் உட்கார வேண்டும். முகத்தை நேராக வைத்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய விளக்கை அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர்ப் பக்கம் தள்ளிக்கொண்டே போவார். விளக்கு பக்கவாட்டில் போகப் போக முகத்துக்கு எடுப்பு வரும். கூடவே தோலில் இருக்கும் மேடு பள்ளமெல்லாம் நிழல் விழுந்து தெரிய ஆரம்பிக்கும். என் கன்னத்துப் பருக்குழிகள் திரையில் எட்டிப் பார்க்கும் இடத்தில் நிறுத்துவார். அங்கிருந்து ஒரு சாண் பின்னுக்கு இழுத்து, விளக்குத் தண்டின் காலடியில் ஒரு துண்டு டேப் ஒட்டுவார். அன்றைக்கு வருகிற எல்லோருக்கும் விளக்கு அங்கேதான்.

"உன் முகத்துல குழி தெரியலன்னா வேற எவன் முகத்துலயும் தெரியாது" என்பார். பாராட்டுகிறாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒட்டின டேப்பை உரிக்கிற பழக்கமும் அந்த மனிதருக்குக் கிடையாது. பழையது தரையோடு கறுத்துக் கிடக்க, பக்கத்திலேயே புதியதை ஒட்டுவார். கூட்டுகிறவள் நான். துடைப்பம் அதில் சிக்கும்போதெல்லாம் அவர் வம்சத்தையே மனசுக்குள் திட்டித் தீர்ப்பேன்.

என் உண்மையான வேலை பின்னறையில், கம்ப்யூட்டர் முன்னால். ஊரார் முகத்தில் இருக்கும் பரு, தழும்பு, கருவளையம், திட்டு எல்லாவற்றையும் துடைத்து எடுப்பேன். மாப்பிள்ளையின் மூக்கில் இருக்கும் பருவும் கைக்குழந்தையின் கன்னத்துக் கொசுக்கடியும் எனக்கு ஒன்றுதான். காலையிலிருந்து சாயந்திரம் வரை அடுத்தவர் தோலைச் சரிசெய்துவிட்டு, வீட்டுக்குப் போய் என் தோலைக் கண்ணாடியில் பார்த்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் பூசாதது எதுவும் பாக்கி இல்லை. எலுமிச்சைச் சாறு பூசி எரிச்சலில் துடித்தேன். அம்மா யாரோ சொன்னார்கள் என்று பற்பசை தடவி உட்கார வைத்தாள். மாடி வீட்டு அக்கா கொடுத்த க்ரீம் கொஞ்ச நாளில் முகத்தைப் பளிச்சென்று ஆக்கியது. நிறுத்தினதும் முகமெல்லாம் சிவந்து, தோல் உரிந்து, போன பரு கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. அது விட்டுப்போன கறுப்புத் திட்டுகள்தான் இன்னும் தாடையில் குடியிருக்கின்றன.

போன வருடம்தான் வேறு வழியில்லாமல் தோல் டாக்டரிடம் போனேன். அவர் அதிகம் பேசவில்லை.

"கறை வேற, குழி வேற" என்றார். "கறை மெதுவா மங்கும், வெயில் படாம பார்த்துக்கணும். நான் கொடுக்கற க்ரீமைத் தவிர எதுவும் தொடக்கூடாது. குழிக்கு சின்ன ஊசியால குத்தித்தான் புதுத் தோல் வளர விடணும். குறையும். சுத்தமா போயிடும்னு சொல்ல மாட்டேன்." அப்புறம், "முதல் நாள் முகத்தை ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்குவோம்" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "நீங்க எதுக்கு டாக்டர் சிரமப்படறீங்க, நான் போட்டோ கடையிலதான் வேலை பார்க்கறேன், நானே நல்லா எடுத்து வெச்சுக்கறேன்" என்று பெருமையடித்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு ஊசிக் குத்து வாங்குகிறேன். வெயிலில் தலை காட்டுவதில்லை. என் கூடப்பிறந்த அக்கா என்னிடம் ஏதாவது கேட்டு வரும் நாளில் மட்டும், "கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்குடி" என்பாள். அம்மாவுக்கு அந்த நாசூக்கெல்லாம் வராது. "அப்படியேதான் இருக்கு. எதுக்கு வீணா குத்திக்கிட்டு" என்பாள். கண்ணாடிக்கு முன்னால் நான் அம்மா கட்சி.

அதனால் கடைசியாகப் போனபோது டாக்டரிடம் வெடித்துவிட்டேன். "ஒண்ணும் நடக்கல டாக்டர். நிறுத்திடலாம்."

அவர் என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்குக் குறைஞ்ச மாதிரிதான் தெரியுது. ஆனா தினம் எத்தனையோ முகம் பார்க்கறேன், ஞாபகத்தை நம்பிச் சொல்லக்கூடாது. அந்த முதல் போட்டோவை எடுத்துட்டு வாங்க. குறைஞ்சிருந்தா தொடருவோம். இல்லன்னா இன்னும் குத்தறதுல அர்த்தமில்ல, நிறுத்திக்கலாம்."

நிறுத்தலாம் என்று கேட்டவள் நான்தான். அவர் சரி என்றதும் நாற்காலியை விட்டு எழவே மனசு வரவில்லை. நிறுத்தினால் இந்த முகம்தான், இதற்கு மேல் ஒன்றுமில்லை என்று ஆகிவிடும் அல்லவா.

கடைக்கு வந்து முதல் நாள் போட்டோவைத் திறந்தேன். கன்னம் வழுவழுவென்று இருந்தது. ஒரு குழி இல்லை, ஒரு திட்டு இல்லை.

எடுத்த அன்றைக்கே கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறேன். ஏற்றினதும் கை தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்துவிட்டது. வருகிற முகத்தையெல்லாம் துடைத்துத் துடைத்து, என் முகத்தையும் துடைத்து, பழையதன் மேலேயே சேமித்தும் வைத்திருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டேன். வேறு எங்காவது என் பழைய முகம் இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடினேன். அக்கா கல்யாண ஆல்பம் நான் செய்தது. அதில் பின்வரிசையில் நிற்கும் என்னைக்கூட விட்டுவைக்கவில்லை. அடையாள அட்டைப் படமும் நான் செய்தது. அம்மாவின் போனில் எடுத்தால் எழுபது வயதுக்காரிக்கும் பதினாறு வயது ஆகிவிடும். உலகத்தில் என் பழைய கன்னத்துக்கு ஒரு சாட்சி இல்லை.

போதாத காலத்துக்கு, கடையில் வேலையும் கழுத்தை நெரித்தது. சில மாதங்களாகவே வருகிற படங்களில் எல்லார் தோலும் கரடுமுரடாக இருந்தது. முன்பு இரண்டு தொடலில் முடிந்த முகத்துக்கு இப்போது அரை நாள் உட்கார வேண்டியிருந்தது. வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். கேமராக்காரர் பல்பை மாற்றினார். விளக்கின் வெள்ளைத் துணியை மாற்றினார். தன்னை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

டாக்டரிடம் போகவேண்டிய நாளன்று, காலையில் ஒரு பெண் வந்தாள். வேலைக்கு விண்ணப்பிக்கப் படம் வேண்டும். கன்னத்தில் என்னுடையதைப் போலவே குழிகள், ஆனால் லேசானவை. எடுத்த படத்தைத் திரையில் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போனது.

"நான் நேர்ல இவ்வளவு மோசமா இருக்கேனா?" என்றாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "அண்ணா, விளக்கை எங்க கொண்டுபோய் வெச்சிருக்கீங்கன்னு பாருங்க. சுவத்துல முட்டப் போகுது. இப்படி வெச்சா கல்லுலயும் குழி தெரியும்."

"எனக்கே பாடம் எடுக்கறியா? உன்னை உட்கார வெச்சுப் பார்த்துத்தானே வெச்சேன்?"

"சரியா பார்க்கல."

"வா, உட்கார். இப்பவே பார்த்துடலாம்."

உட்கார்ந்தேன். விளக்கை அசைக்காமல் படம் எடுத்தார். திரையில் என்னையும் அந்தப் பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். ஒரே விளக்கு, ஒரே இடம். அவள் கன்னத்தில் குழி குழியாக நிழல். என் கன்னத்தில் தாடையோரத்துத் திட்டுகளும், உற்றுப் பார்த்தால் தெரிகிற சில பள்ளங்களும்தான்.

கேமராக்காரர் திரையைப் பார்த்தார். என் முகத்துக்குக் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"உன் குழியெல்லாம் எங்கம்மா?" என்றார், கடைச் சாமானை நான் தூக்கிக்கொண்டு போய்விட்டதைப் போல. "அதை நம்பித்தானே விளக்கைத் தள்ளிக்கிட்டே போனேன். தெரியற வரைக்கும் தள்ளு, தெரியற வரைக்கும் தள்ளுன்னு... சொல்லியிருக்கக் கூடாதா?"

"எனக்கே தெரியாதே அண்ணா."

கிட்டத்தட்ட கத்தினேன். "பழைய டெஸ்ட் படம் ஏதாவது வெச்சிருக்கீங்களா? காலைல என்னை எடுப்பீங்களே, அது?"

"அதை வெச்சு நான் என்ன பண்ண? அன்னன்னிக்கே அழிச்சிடுவேன்."

துடைப்பத்தை எடுத்து அடிக்கலாம் போல இருந்தது. துடைப்பம் என்று நினைத்ததும்தான் தரையைப் பார்த்தேன்.

கேமராவுக்கு அருகிலிருந்து சுவர் வரைக்கும் டேப் துண்டுகள். முதலில் இருந்தது தேய்ந்து கறுத்துத் தரையோடு தரையாகிவிட்டது. அதற்கடுத்தது கொஞ்சம் தள்ளி. அடுத்தது இன்னும் கொஞ்சம். கடைசியாக இன்று காலை ஒட்டிய புத்தம்புதியது சுவரோரத்தில். ஒவ்வொன்றும் என் கன்னத்தைப் பார்த்து ஒட்டியது.

"அதைத் தொடாதீங்க" என்றேன். அவர் அதன் பக்கம் போகக்கூட இல்லை.

விளக்கைத் தூக்கிப் பழைய கறுத்த டேப்பின் மேல் வைத்தேன். அந்தப் பெண்ணை உட்கார வைத்து நானே எடுத்தேன். படத்தில் நேரில் இருப்பதைப் போலவே இருந்தாள், கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தாள். போகும்போது மெதுவாக, "நீங்க என்ன பூசறீங்க?" என்று கேட்டாள்.

"முதல்ல ஒரு தோல் டாக்டரைப் பாரு. அப்புறம் யார் என்ன சொன்னாலும் எலுமிச்சையைத் தொடாத" என்றேன்.

"நாளையிலிருந்து நான் எதைப் பார்த்து விளக்கு வைக்கறது?" என்று கேமராக்காரர் பின்னால் புலம்பினார்.

"உங்க மூஞ்சியைப் பார்த்து வைங்க."

"எனக்குத் தாடி இருக்கேம்மா."

சாயந்திரம் டாக்டர் கையை நீட்டினார். போட்டோவைக் கொடுத்தேன். அவர் அதைத் தலைகீழாகத் திருப்பிக்கூடப் பார்த்தார்.

"என்னங்க இது, தரையை எடுத்துட்டு வந்திருக்கீங்க?"

"இல்ல டாக்டர், என் கன்னம்தான்" என்று சொல்லி, கறுத்த டேப்பிலிருந்து விரலை வைத்து ஆரம்பித்தேன். டேப்பில் ஒட்டியிருந்த தலைமுடியைக்கூட நான் துடைத்திருக்கவில்லை.