இலவம்பஞ்சு உத்தியோகம்

பேரின்பநாயகம் ஓர் அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் கிளாக்கர். முப்பது வருஷம் ஒரே நாற்காலியில் இருந்தவர். உலகத்து வேலைகளையெல்லாம் அவர் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். நின்று செய்வது கூலி வேலை. உட்கார்ந்து செய்வது உத்தியோகம். அதற்கு மேல் எதையும் யோசிக்கும் அவசியம் அவருக்கு வந்ததில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்திறங்கிய குடும்பங்களில் பாதிக்கு அவருடைய சிபாரிசில்தான் வேலை கிடைத்தது. ஆகையால் அந்தக் குடும்பங்களும் யோசிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டன.

சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே நோய்நொடியுள்ள பிள்ளைகள் படிப்பு முடித்தால் எந்தத் தொழிலுக்குப் போகலாம் என்று தீர்ப்புச் சொல்ல வருஷத்துக்கு ஒருமுறை இந்த மனிதரைத்தான் அழைத்தார்கள். தலைமை ஆசிரியையான வெள்ளைக்கார அம்மாளுக்கு அவருடைய தலைப்பாகையின் மேல் அபார நம்பிக்கை. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவள் விசாரித்ததில்லை.

அந்த வருஷம் பெஞ்சில் மூன்று பெண்கள் காத்திருந்தார்கள். லீலாவுக்குப் பார்வை மங்கல். ரபியாவுக்கு இடது கால் சூம்பியிருந்தது. கமலாம்பிகைக்கு இழுப்பு, மழைக்காலம் வந்தால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல் சத்தம் வரும். பதினான்கு வயதான கமலாம்பிகைக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது: சின்ன வகுப்புக்கு உதவி டீச்சராக வேண்டும். பழைய உதவி டீச்சர் கல்யாணமாகி மலாக்காவுக்குப் போன பிறகு, இரண்டு மாதமாக அந்த வகுப்பை அவள்தான் பார்த்துக்கொண்டாள். கூச்சத்தில் பெரியவர்கள் முன்னால் வாய் திறக்காதவள், பத்துக் குழந்தைகள் முன்னால் வேறு ஆளாகிவிடுவாள். "பெரியவர் சம்மதித்தால் இடம் உனக்குத்தான்" என்று தலைமை ஆசிரியை சொல்லியிருந்தாள்.

பெரியவர் முதலில் லீலாவைப் பார்த்தார். "உமக்குக் கண் தெரியாது. சரி. நிக்காமல் இருந்தபடி செய்யிற வேலைதான் உமக்குச் சரி. துரைசாமியின்ரை கொட்டகையிலை தலகாணி வாய் தைக்கலாம்."

"ஊசியில நூல் கோக்கவே எனக்கு ஆள் வேணுங்களே?" என்றாள் லீலா.

"பழகீடும்."

ரபியாவின் காலை அவர் பார்க்கவே இல்லை. தாளில் எழுதியிருந்ததைத்தான் பார்த்தார். "இருந்தபடி செய்யிற வேலை. தலகாணி."

"எனக்கு வாப்பா கடையில கணக்கு எழுதணும்னு ஆசைங்க."

"பெண் பிள்ளை கணக்கு எழுதுறதோ?" என்று சிரித்தார். சிரித்தது அவர் ஒருவர்தான்.

அடுத்தது கமலாம்பிகை. அவள் அப்பா சிவசுப்பிரமணியம் இவரிடம்தான் கிளாக்கராக இருந்தார். அப்பாவுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் இவர்தான். அந்த உரிமையில் குரல் இன்னும் இறங்கி வந்தது.

"எங்கடை சிவசுப்பிரமணியத்தின்ரை பிள்ளையோ? டீச்சர் வேலை வேண்டாம், பிள்ளை. நாள் முழுக்க நிக்க வேணும். நெஞ்சு தாங்காது. துரைசாமி கொட்டகையிலை இலவம்பஞ்சு அடைக்கிற வேலை இருக்குது. பாயிலை இருந்து செய்யலாம். லேசான பொருள். பஞ்சைவிட லேசாக என்ன இருக்குது?"

இழுப்புக்காரியை இலவம்பஞ்சுக்கு நடுவில் உட்கார வைக்கச் சொல்கிறார் என்பது அங்கிருந்த பெரியவர்கள் யாருக்கும் உறைக்கவில்லை. பாய் இருக்கிறதல்லவா, போதும். கமலாம்பிகை வாய் திறந்தாள். அதற்குள் அவர் தாளில் கையெழுத்துப் போட்டு, அப்பாவும் கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு குறி வைத்தார்.

ரபியாவின் தகப்பனார் அஹமது கபீர், பஃபலோ ரோட்டில் மளிகைக்கடை வைத்திருந்தார். தன் மகளின் தாளைப் படித்ததும், "எம்மவள தலகாணி அடைக்கவா படிக்க வெச்சேன்?" என்று கேட்டு, அதே தாளில் கடுகு மடித்துக் கொடுத்துவிட்டார். சிவசுப்பிரமணியமோ தாளைத் திருநீறு வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"அப்பா, பஞ்சுத் தூசி எனக்கு ஒத்துக்கொள்ளாது."

"ஐயா யோசிக்காமல் சொல்லுவாரோ?"

"யோசிக்கேல்லை அப்பா."

"வாயை மூடு. அவர் காதிலை விழப்போகுது." பேரின்பநாயகம் அப்போது ஒரு மைல் தள்ளி காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அப்பாவே அவளைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். கூரைவரை இலவங்காய் மூட்டைகள். காய்களை உடைத்துத் தடியால் அடித்தார்கள். பஞ்சு பறந்து, அடிப்பவர்களின் புருவத்தில் நரைபோல் ஒட்டியிருந்தது. முதலாளி துரைசாமி நல்ல மனிதர். அவளைப் பார்த்ததுமே, "இந்தப் பொண்ணு மூச்சு விடுறதே சரியில்லையே சார்" என்றார்.

"இருந்தபடிதானே செய்யப்போறா" என்றார் அப்பா.

முதல் தலையணை பாதி நிரம்பும்முன் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்த ஆரம்பித்தது. இன்னும் இரண்டு கைப்பிடிக்குள் அவள் உதடு நீலம் பாய்ந்தது. துரைசாமிதான் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். அப்பா பின்னால் அவளுடைய செருப்பைப் பிடித்தபடி ஓடிவந்தார். ரிக்‌ஷாவில் வீடு போகும்வரை அவர் திரும்பத் திரும்பச் சொன்ன வார்த்தை ஒன்றுதான்: "ஐயாவுக்கு என்ன சொல்லுறது, ஐயாவுக்கு என்ன சொல்லுறது."

செய்தி தெரிந்து அன்று சாயங்காலமே ஐயா வந்துவிட்டார். வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் அவர் அமர்ந்தார். அப்பா சுவரோரம் நின்றார். அம்மா வைத்த வெந்நீரின் ஆவியைப் பிடித்தபடி கமலாம்பிகை பாயில் குனிந்திருந்தாள்.

"முதல் நாள் எண்டால் அப்பிடித்தான். வாயிலை துணி கட்டிக்கொண்டு இருக்கட்டும்" என்றார் பேரின்பநாயகம்.

"ஓம் ஐயா. நல்ல யோசனை" என்றார் அப்பா. தன் மகள் செத்துப் பிழைத்து அரை நாள்கூட ஆகவில்லை.

கமலாம்பிகை தலையை நிமிர்த்தினாள். அத்தனை நாளும் அந்த மனிதரைப் பார்க்கப் பயந்து பயந்து, அவருடைய மூக்கு எப்படி இருக்கும் என்றுகூட அவளுக்குச் சரியாகத் தெரியாது. இப்போது பார்த்தாள். சாதாரண மூக்கு. அதில் ஒரு முடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"நான் போகமாட்டன்."

"அடடே! பிள்ளைக்குப் பேச மூச்சு இருக்குதே!"

"இருக்குது. வகுப்பிலை பேசவும் இருக்குது. நீங்கள் கேட்கேல்லை."

அப்பாவின் முகம் சுவரைவிட வெளுத்தது. ஐயா எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு, "சிவசுப்பிரமணியம், உம்முடைய பிள்ளையை நீர் கொஞ்சம் கண்டிக்க வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் படி இறங்குவதற்குள் அப்பா தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார். உதவி டீச்சர் இடம் வேறொரு பெண்ணுக்குப் போனது.

மூன்று நாள் காலையில் அப்பா கொட்டகைக்குக் கூட்டிப்போகக் கிளம்பி நின்றார். மூன்று நாளும் அவள் பாயைவிட்டு எழவில்லை. அடிக்கவும் அவருக்குத் தைரியமில்லை. கையை ஓங்கினால் அவள் கண்ணை மூடாமல் பார்த்தாள். நான்காம் நாள் அவர் தனியாக அலுவலகம் போனார்.

அவர் போன அரைமணி நேரத்தில் அவளும் கிளம்பினாள், பஃபலோ ரோட்டுக்கு. ரபியாவின் இரண்டு தங்கைகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர், ரபியாவின் ஏற்பாட்டில் மளிகைக்கடை மாடியில் பாடம் படிக்கக் காத்திருந்தார்கள். கீழே மிளகாய் மூட்டை அவிழ்க்கும் நாளில் அஹமது கபீர் முன்கூட்டியே ஆள் அனுப்பிச் சொல்லிவிடுவார். அந்த நாட்களில் மட்டும் பாடம் கிடையாது. ரபியா கீழே கணக்கு எழுதினாள். கமலாம்பிகை மேலே 'அணில்' என்று எழுதிப் போட்டு, அணிலை வரையத் தெரியாமல் எலியை வரைந்தாள். பிள்ளைகள் எலி எலி என்று கத்தினார்கள்.

மூன்று மாதம் கழித்து, பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழா வந்தது. ரபியா மட்டும் போனாள். திரும்பி வந்து மாடிப்படியை ஒவ்வொன்றாக ஏறும்போதே பேசத் தொடங்கிவிட்டாள்.

"கமலா! ஒன்னப் பத்திப் பேசினாருடி, பெரியவரு! மேடையில! 'மூச்சுக் கோளாறுள்ள கமலாம்பிகை எனது ஆலோசனைப்படி தலையணைத் தொழிலில் அமர்ந்து மூன்று மாதமாகச் சிறப்பாக முன்னேறி வருகிறார்'னு படிச்சாரு."

"யார் சொன்னதாம்?"

"ஒங்கப்பாதான், பெரியவரே மேடையில சொன்னாரு. நீ தினமும் கொட்டகைக்குப் போறன்னு ஆபீஸ்ல சொல்லிக்கிட்டே இருந்திருக்காரு. ஐயா கேக்கும்போதெல்லாம், இன்னிக்கு நாலு தலகாணி, இன்னிக்கு அஞ்சுன்னு."

"அங்கை அப்பா இருந்தவரோ?"

"முன் வரிசையில. வெள்ளைக்கார அம்மா கை தட்டுனாங்க. ஒங்கப்பா அதுக்கு முன்னாலயே தட்டிட்டாரு. மொத ஆளா!"

அஞ்சு தலையணை. ஒவ்வொரு நாளும் எண்ணிக்கையை அப்பா எப்படி முடிவு செய்திருப்பார்? டிராமில் போகும்போதா? கமலாம்பிகைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. சிரித்துச் சிரித்து இழுப்பே வந்துவிட்டது. ரபியா வெந்நீருக்காகக் கீழே கூப்பிட்டுக் கத்தினாள். பிள்ளைகள் டீச்சரைச் சுற்றி நின்று, அவள் சிரிக்கிறாளா மூச்சுக்குத் திணறுகிறாளா என்று தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று தாங்களும் சேர்ந்து சிரித்தார்கள்.