அக்கா கொடுத்த போத்தல்

அஜந்தா கூறைச்சேலையின் கொய்யகத்தை மூன்றாம் தடவையாக மடித்துக்கொண்டிருந்தாள். சரிகை அக்காவின் குளிர்ந்த உடம்பில் படியாமல் விறைத்து நின்றது. மனோர் பார்க் மலர்ச்சாலையில் பிரேதம் அலங்கரிக்கும் அந்தச் சிறிய அறையில் பெண்கள் இருவர் மட்டுமே இருந்தார்கள்.

"காணும் பிள்ளை, வடிவாத்தான் இருக்கு," என்றார் அக்காவின் மாமியார் பாலாம்பிகை. "தன்ர கலியாணத்துக்கே அவள் இவ்வளவு நேரம் எடுக்கேல்லை."

"இன்னும் கொஞ்சம், மாமி."

மேனுஷா அக்கா பேசாமல் கிடந்தாள். போன கோடையில் இந்த வாய் ஓயவே இல்லை. கர்ப்பகால ஹோர்மோன் உடைந்து சிறுநீரில் வரும் துண்டை, மிகச் சிறிய அளவிலேயே கண்டுபிடிக்கும் பரிசோதனை ஒன்றை அஜந்தாவின் ஆய்வுகூடத்தில் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, கர்ப்பமில்லாத ஒருத்தியின் சிறுநீர் தேவைப்பட்டது. அக்கா போத்தலை நிரப்பி நீட்டினாள்.

"லீற்றர் என்ன விலை போகுது? கட்டுப்படியாகுமெண்டா வேலையை விட்டிட்டு, இருந்து தேத்தண்ணி குடிக்கிறன்."

பூச்சியம் வரவேண்டிய இடத்தில் அளவு உயர்ந்து நின்றது. கடையில் வாங்கிய சோதனையோ கர்ப்பமில்லை என்றது. அஜந்தா முதலில் தன் கையைச் சந்தேகித்தாள்; பிறகு பரிசோதனையை; கடைசியில் போத்தலை. மூன்று தடவை செய்துபார்த்துவிட்டு, மாதிரி பழுது என்று தொட்டியில் ஊற்றினாள். தன் சிறுநீரை வைத்தாள். பூச்சியம் வந்தது. கூட வேலைசெய்தவர்கள் கைதட்டினார்கள்.

சூலகப் புற்றுநோயும் அந்தத் துண்டைக் கசியவிடும் என்று அவள் படித்திருந்தாள். அக்காவை அதோடு சேர்த்து நினைக்கத் தோன்றவில்லை. கிறிஸ்மசுக்கு முன்பு வயிறு வீங்கியபோது, பிந்திவிட்டது என்றார் டொக்டர்.

அக்காவின் கணவர் ரதீசன் கதவைத் தட்டி உள்ளே வந்து குங்குமச் சிமிழைத் தாயிடம் கொடுத்தார். அக்காவின் பக்கம் திரும்பாமல் அஜந்தாவைப் பார்த்தார்.

"வாற ஆக்கள் எல்லாம் கேக்கினம். நீ அந்த லைன்ல இருக்கிறாய். முதலே கண்டுபிடிச்சிருக்க ஏலுமோ?"

மாமி குங்குமத்தில் விரலை வைத்தபடி நின்றார்.

"தெரியேல்லை, அத்தான்."

"என்ர தங்கச்சியின்ர டெஸ்ட், என்ர தங்கச்சியின்ர டெஸ்ட் எண்டு அவள் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சாள். அது சரிவந்திட்டுதோ?"

"ஓம், அத்தான். சரியா வேலை செய்யுது."

அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். மாமி பொட்டு வைத்தார்.

கொய்யகம் நேராகத்தான் இருந்தது. அஜந்தா சேலையில் குத்தியிருந்த சட்டைப்பின்னைக் கழற்றி, மடிப்பை மறுபடி அவிழ்த்தாள்.