மின்னல் என்று கூப்பிட்ட காலம்

தையல்கடையில் அவளுக்கு மின்னல் என்று பெயர். வைத்தவர்கள் வாடிக்கையாளர்கள், மயங்கிப் போனவள் அவள். காலையில் அளவு கொடுத்தவர் சாயங்காலமே புதுச் சட்டையோடு போவார். மூன்று ஆள் சாப்பாட்டை ஒருத்தியாகச் சாப்பிடுவாள், ஒரு பிடி சதை ஒட்டாது. “கொடுத்து வச்சவ” என்று பக்கத்துக் கடைக்காரிகள் பெருமூச்சு விடுவார்கள். எல்லோரும் குளிர்கிறது என்று ஜன்னலைச் சாத்தினால் இவள் போய்த் திறப்பாள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வதைக்கூடச் சுறுசுறுப்பு என்றே எடுத்துக்கொண்டாள். ஒரு நோயை இப்படித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய ஊர் வேறெங்கும் இருக்காது.

ஊசியில் நூல் கோக்க முடியாமல் விரல் நடுங்கிய பிறகுதான் டாக்டரம்மாவிடம் போனார்கள். கழுத்தைத் தடவிப் பார்த்து, ரத்தம் எடுக்கச் சொல்லி, முடிவு வந்ததும் அவர் விளக்கினார்.

“கழுத்துல இருக்கற தைராய்டுதான் உடம்போட வேகத்தைப் பார்த்துக்குது. அது சுரக்கற ஹார்மோன் ரத்தத்துல கலந்து போகும். இதயம், குடல், தோல் எல்லாம் அது சொல்ற வேகத்துல வேலை செய்யும். போதும்னா, மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பி உத்தரவைக் குறைச்சிடும். உங்களுக்கு அந்த உத்தரவு நின்னு நாளாச்சு. இது காதுல வாங்காம சுரந்துக்கிட்டே இருக்கு.”

“மிதியில இருந்து காலை எடுத்தப்புறமும் மெஷின் ஓடற மாதிரியா?” என்று கேட்டார் அவள் கணவர். கடைக்கு அவர்தான் கட்டிங் மாஸ்டர்.

“அதேதான். அங்க துணி வீணாப் போகும். இங்க இதயம்.”

மாத்திரை வேலை செய்தது. நடுக்கம் நின்றது, தூக்கம் வந்தது, கூடவே மின்னலும் அணைந்தது. ஒரு சட்டைக்கு மற்றவர்களுக்கு ஆகும் நேரம் இவளுக்கும் ஆனது. ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டரம்மாவுக்கு வாயெல்லாம் பல். இவளுக்கோ வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருந்தது.

மத்தியானங்களில் பழைய நாட்களை நினைத்துக்கொள்வாள். பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் சீருடைத் துணி கூரை வரை அடுக்கிக் கிடக்கும். மெஷின் சத்தம் தெருமுனை வரை கேட்கும். அவர் வெட்டி நீட்ட நீட்ட இவள் வாங்கித் தைப்பாள், வாய் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும், காலடியில் வெட்டுத் துணி கணுக்கால் வரை குவிந்துவிடும். கடை அதே கடைதான், மேஜையும் அதே மேஜைதான். அந்தப் பெண்ணைத்தான் காணோம். அவளை நினைத்து இவளுக்கு அப்படி ஒரு ஏக்கம்.

இந்த நேரம் பார்த்து ஒரு பழைய வாடிக்கையாளர், பாட்டு டீச்சர், துணியோடு வந்தார். “அடுத்த வாரமா? நம்ம மின்னல் இருந்திருந்தா நாளைக்கே கையில கொடுத்திருப்பாளே!” என்று சிரித்தார். விளையாட்டுப் பேச்சுதான். இவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அன்றோடு மாத்திரையை விட்டாள், யாரிடமும் மூச்சு விடவில்லை.

வாரங்கள் போகப் போக நெஞ்சு பழைய ஓட்டத்தைப் பிடித்தது. இவளுக்கு ஒரே கொண்டாட்டம். ஒரு மத்தியானம், வியர்வையை முழங்கையால் துடைத்தபடி மெஷினை விரட்டிக்கொண்டிருந்தவளை அவர் நிமிர்ந்து பார்த்தார். கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“மாத்திரையை நிறுத்திட்டியா?”

“ஆமா, நிறுத்திட்டேன். நீங்க கட்டிக்கிட்டது மின்னலைத்தானே? இந்த ஆமையை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?” சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் எழுந்து வந்து மெஷின் சுவிட்சை அணைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

“அப்பல்லாம் ராத்திரி படுத்தா உன் நெஞ்சு அடிக்கறது எனக்குக் கேக்கும். எப்ப நின்னுடுமோன்னு பயந்துக்கிட்டே கிடப்பேன். பகல்ல ஏதாவது பேசலாம்னு வாயைத் திறந்தா, நீ அடுத்த துணிக்குப் போயிருப்பே. ஊரே மின்னல் மின்னல்னு கொண்டாடுது, நான் யார்கிட்ட போய் அழறது?”

அவள் திகைத்துப்போனாள். அவள் ஆசை ஆசையாய் நினைத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் துணி இருந்தது, பாட்டு இருந்தது, சிரிப்பு இருந்தது. பக்கத்தில் இந்த மனுஷன் பயந்துபோய் உட்கார்ந்திருந்தது மட்டும் எங்குமே இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. கோபமும் வந்தது.

“இத்தனை வருஷத்துல இதை ஏன் ஒரு தடவைகூடச் சொல்லல?”

“நீ எங்கேம்மா நின்னே?”

அவள் எழுந்து போய்க் கைப்பையை எடுத்து மாத்திரை ஒன்றைப் பிரித்துத் தண்ணீரோடு விழுங்கினாள். நாளைக்கு டாக்டரம்மாவிடம் போய் உண்மையைச் சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

“சரி, இப்ப நின்னுட்டேன். சொல்லுங்க.”

இத்தனை வருடப் பேச்சில் எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் அவர் திருதிருவென்று விழித்தார். அவள் அவசரப்படுத்தவில்லை.