மணிக்கு முந்திய கை

அங்கம்மாவின் கை மணிச் சத்தத்துக்குக் கால் விநாடி முன்பே எழுந்துவிடும். 1930இல் மலாயாவில் பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் இது அளந்தே பார்க்கப்பட்டது. அளந்தவன் அவள் புருஷன் ஐயாசாமி, ஆலையில் இயந்திரம் ஓட்டுபவன்.

அந்த வருஷம் ரப்பர் விலை சரிந்து, ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ரப்பர் பாளத்தை நசுக்கும் உருளையில் இருவருக்கு விரல் போயிருந்ததால், கை மந்தமானவர்களை முதலில் அனுப்புவதென்று துரை முடிவுசெய்தார். மந்தத்தை அளக்கக் கருவி வேண்டும். ஐயாசாமி பழைய கிராமபோன் மோட்டாரில் பிஸ்கட் டின் ஒன்றைச் சுழலவிட்டு, புகைக்கூடத்தில் கரியேற்றிய காகிதத்தை அதன்மேல் சுற்றினான். மணி அடித்தால் ஓர் ஊசி கோடு கிழிக்கும்; ஆள் கட்டையை அழுத்தினால் இன்னொன்று. நடுவிலுள்ள இடைவெளியை அரிசி வைத்து அளந்தான். வேலுவுக்கு ஓர் அரிசி, பேச்சியம்மாளுக்கு இரண்டு.

அங்கம்மாவின் கோடு மணிக் கோட்டுக்கு இரண்டு அரிசி முன்னால் விழுந்தது. ஊசியை மாற்றினான், ஸ்பிரிங்கை மாற்றினான், அவளைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்காரவைத்தான். அப்போதும் முன்னால்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் தன் பெயரைக் கணக்குப்பிள்ளையான கிராணி வாசிக்கும் முன்பே "இருக்கேங்க" என்று சொல்லி அவள் பத்து வருஷமாகத் திட்டு வாங்குவது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"புருஷன் செஞ்ச மிசினு பொண்டாட்டிக்கு மட்டும் முன்னால ஓடுதாக்கும்," என்றார் கிராணி. ஏமாற்று வேலை என்று துரை அவளைக் கப்பல் பட்டியலில் சேர்த்தார்.

"கொஞ்சம் பொறுத்து அமுக்கித் தொலையேன்," என்றான் ஐயாசாமி.

"சத்தம் கேட்டப்புறந்தாங்க அமுக்குறேன்."

கப்பலுக்கு நான்கு நாள் இருக்கையில், ஆலையில் நின்ற அங்கம்மா திடீரென்று உருளையின் பிரேக்கை இழுத்தாள். "யாரைக் கேட்டு நிறுத்துன?" என்று கிராணி கத்தி முடிக்கையில் பேச்சியம்மாள் கால் வழுக்கி, நின்றிருந்த உருளைகளுக்கிடையே கையை ஊன்றினாள். எடுத்து, விரல்களை எண்ணிப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள். ஆபத்தென்றால் அங்கம்மாவின் கை மூன்று விநாடி முந்தும் என்பது அன்று தெரிந்தது.

துரை பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டு, பிரேக் பக்கத்திலேயே வேலை போட்டுக்கொடுத்தார். அடுத்த ஒன்பது வருஷம் அங்கே யாருக்கும் விரல் போகவில்லை. கிராணி அவள் பதிலைக் கேட்டுவிட்டுப் பெயரை வாசிக்கப் பழகிக்கொண்டார். ஐயாசாமிக்கு அந்தப் பழக்கம் முதல் நாளே வந்துவிட்டது. அவள் பிரேக்கை இழுத்த அன்று சாயங்காலம் சோற்றின் முன் உட்கார்ந்து, உன்னை அனுப்பியிருந்தால் நானும் கப்பலேறியிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தான்.

"தெரியுங்க, சாப்பிடுங்க," என்றாள்.

சாப்பிட்டான்.