இடது தொட்டிச் செடி

காட்டு நிழலில் பூக்கிற சின்ன ஊதாப் பூ அது. ஓடைக்கரைக் காட்டில் இருப்பது தனித் துணையினம் என்று தங்கை சொன்னபோது, அவள் வேலை பார்த்த தாவரவியல் துறையே சிரித்தது. மற்ற காடுகளில் அந்தச் செடியின் இலைக்காம்பில் ரோமம் நிமிர்ந்து நிற்கும். இங்கே கீழ்நோக்கிப் படிந்திருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான். "ரோமம் படுத்தா புதுப் பேரு, எழுந்தா பழைய பேரா?" என்று துறைத் தலைவர் கேலி பேசினார். ஆனால் அவள் சொல்லை நம்பித்தான் வனத்துறை அந்தக் காட்டை வெட்டத் தடை போட்டிருந்தது.

சும்மா இருந்திருக்கலாம். இருந்தாளா? வித்தியாசம் மண்ணால் வந்ததா, பிறப்பிலேயே உள்ளதா என்று தெரியாமல் அவளுக்குத் தூக்கம் வராதாம். ஓடைக்கரைச் செடியை இடது தொட்டியிலும், சாதாரணச் செடியை வலது தொட்டியிலும், ஒரே மண் ஒரே நிழல் என்று அக்கா வீட்டுக் கொல்லையில் நட்டாள். காடு காடாகச் சுற்றுகிறவளுக்கு வேறு இடம் ஏது?

"தண்ணி மட்டும் ஊத்துக்கா, போதும்."

அடுத்த பருவத்தில் லென்ஸோடு குனிந்தவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. இரண்டு தொட்டியிலும் ரோமம் நிமிர்ந்தே நின்றது. வேறொருத்தி என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பாள். இவள் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள்: இரண்டும் ஒன்றே. தடை நீங்கியது. மழைக்கு முன்பே காட்டை மொட்டையடித்துவிட்டார்கள். வெயில் விழுந்த இடத்தில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை.

ஒருநாள் டீயை நீட்டிக்கொண்டே அக்கா சிரித்தாள்.

"இப்பச் சொன்னா திட்ட மாட்டியே? நாங்க வெளியூர் போயிருந்தப்ப உன் இடது தொட்டிச் செடி பட்டுப்போச்சுடி. நீ தாங்க மாட்டியேன்னு பக்கத்துத் தொட்டியிலேருந்து பாதியைப் பிடுங்கி வெச்சேன். ஜம்முனு வந்துச்சு பாரு!"

தங்கை டீயை வாங்காமலே எழுந்துவிட்டாள்.

"அடிப்பாவி! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? காடே போச்சேக்கா!"

அக்கா மிரண்டுபோனாள். அவளுக்கு நிஜமாகவே எதுவும் விளங்கவில்லை. பாசத்தில் செய்தவளை எந்த வாயால் திட்டுவது?

"ஏண்டி இப்படிக் கத்தற? ரெண்டும் ஒண்ணுதான்னு நீதானே எழுதிக் குடுத்த?"